திருக்கை இருந்த நோன்பு

மீன் வளர்க்கிற உங்களில் யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு தண்ணீர்ச் சோதனைப் பெட்டி இருக்கிறது. நாலு சொட்டு விட்டு, குலுக்கி, வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அம்மோனியா இவ்வளவு என்று சொல்லிவிடுகிறீர்கள். சந்தோஷம். நான் தொழிலுக்கு வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டவர் கிடையாது. எனக்கு மூக்கு இருந்தது. மூக்குக்குச் சந்தேகம் வந்தால் நாக்கு இருந்தது. தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், உங்களைச் செய்யச் சொல்லவில்லை. அந்த நாக்கை ஒரே ஒரு நாள் பயன்படுத்த முடியாமல் போனது. இருபது வருஷத்தில் நான் உருப்படியாக எதையாவது பார்த்தேன் என்றால் அந்த ஒரு நாள்தான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் கடை மடவார் வளாகத்தில் இருந்தது. பலகையில் 'வண்ண மீன் நிலையம்' என்று எழுதியிருந்தேன். 'வண்ண' என்ற சொல்லை ஊரில் யாரும் வாசிக்கவில்லை. முதல் ஒரு வருஷம், "பாய், கிலோ என்ன வெல? கழுவித் தருவீயளா?" என்று பையோடு வந்தவர்கள்தான் அதிகம். பொறுமையாக விளக்கினால், "பொறவு எதுக்கு வளக்கீய?" என்பார்கள். நியாயமான கேள்வி.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ராஜபாளையத்துக்கு என்னை ஒருவர் கூப்பிட்டனுப்பினார். பேண்டேஜ் துணி ஆலை வைத்திருந்தவர். பெயர் வேண்டாம், நான் கூப்பிட்டபடியே முதலாளி என்று வைத்துக்கொள்வோம். வியாபார விஷயமாகச் சிங்கப்பூர் போன இடத்தில், ஒரு ஓட்டலில் நன்னீர்த் திருக்கையைப் பார்த்திருக்கிறார். தட்டு மாதிரி உடம்பு, முதுகெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி, வாலில் விஷ முள். பார்த்ததிலிருந்து அது வேண்டும் என்று குழந்தை மாதிரி அடம். மெட்ராஸில் இறக்குமதி செய்கிறவர்களைப் பிடித்து, ஒரு சோடி வரவழைத்துக் கொடுத்தேன். பங்களாவின் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே, சுவரோடு சுவராகத் தொட்டி கட்டினோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். என் முதல் தப்பு அதுதான். அது தப்பு என்று புரிய எனக்கு ஆறு மாசம் ஆனது.

மீன்களை இறக்கிய அன்று நான் பேசிய பேச்சு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே புள்ளி. "எது ஆண், எது பெண்ணு பாய்?" என்று முதலாளி கேட்டார். நான் வாத்தியார் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வால் தொடங்குற எடத்துல பாருங்க மொதலாளி. ரெண்டு பக்கமும் விரல் மாதிரி ரெண்டு நீட்டிக்கிட்டு இருந்தா ஆண். ஒண்ணுமில்லன்னா பெண். இது தெரியாமத்தான் பாதிப் பேரு மீன் வளக்குதான்" என்றேன். முதலாளியின் மனைவி காப்பித் தம்ளரோடு ஓரமாக நின்றிருந்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், வாக்கப்பட்டது ராஜபாளையம். என் பேச்சைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"எங்க ஊர்ல பிள்ள பெத்தவளுக்குத் திருக்கைக் கொழம்பு வச்சுக் குடுப்பாக. இவிய திருக்கைக்கே வீடு கட்டுதாக" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் அவருக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கோதுமைக் கஞ்சியும் கீரையும்தான் மிச்சம் வைத்திருந்தார். ஒரு காலத்தில் பால்கோவாவைக் கரண்டி போட்டுச் சாப்பிட்ட மனிதர். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும்போது இவர் கஞ்சிக் கிண்ணத்தோடு மேசையில் உட்கார்ந்திருப்பார். எதிரே தொட்டி. திருக்கைக்கு ஒரு குணம் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஆளைக் கண்டால் கண்ணாடியோரம் வந்து, நிமிர்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிச் சிறகடிக்கும். வாய் அந்த வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறது. சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்பு முதலாளியிடம் என்ன கேட்டதோ, அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தெரியாது. நான் சொன்னது ஒரு நாளைக்கு ஒரு வேளை, கையளவு இறாலோ மண்புழுவோ. சோழபுரத்து வாழைத் தோப்புகளில் நல்ல புழு கிடைக்கும், நானே கொண்டுவந்து கொடுப்பேன். அந்த அளவை எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஆள் வந்தது. "மீனு ஓரம் சுருட்டுது, பாய உடனே வரச் சொன்னாக."

திருக்கையின் ஓரம் அப்பளம் பொரிகிற மாதிரி மேல்நோக்கிச் சுருண்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் அதைச் சுடுகிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத் துளைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. விரலை நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை. "தண்ணி சரியில்ல மொதலாளி" என்றேன்.

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தண்ணி சரியில்லை என்பது உண்மை. ஏன் சரியில்லை என்பதுதான் கேள்வி. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆலைக் கிணற்றில் சாயக்கழிவும் குளோரினும் ஊறியிருக்கும் என்றேன். தோட்டத்துக் கிணற்றுக்கு மாறினோம். மூன்றாம் நாள் மறுபடி ஓரம் சுருண்டது. தோட்டத்துக் கிணறு உப்பு என்றேன். முதலாளி யோசிக்கவே இல்லை, மேற்கே மலையடிவாரத்து ஓடையிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வரவழைத்தார். ராஜபாளையத்தில் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சனங்கள் காத்துக் கிடந்த காலம். அவர்களைத் தாண்டி எங்கள் லாரி மீனுக்குத் தண்ணீர் கொண்டு போனது. அந்தத் தண்ணீரிலும் மூன்றாம் நாள் ஓரம் சுருண்டது.

லாரித் தண்ணீரையும் குறை சொல்ல வாயெடுத்தபோது முதலாளியின் மனைவி குறுக்கே வந்தார்.

"ஏன் பாய், மூணு தண்ணி மாத்திட்டீய. கைய மாத்தலையே?"

"எந்தக் கையம்மா?"

"போடுத கை."

எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே தெரியும். மணலைக் கிளறியபோது பாதி தின்று அழுகிய இறால் வந்தது, ஒரு தடவை ஆட்டு ஈரல் துண்டு வந்தது, ஒரு தடவை அவித்த முட்டையின் மஞ்சள் கருவே வந்தது. வீட்டில் காலையில் இட்லி என்றால் மீனுக்கு இறால், மதியம் கறிக்குழம்பு என்றால் மீனுக்கு ஈரல். தான் தின்ன முடியாததையெல்லாம் தொட்டிக்குள் தின்றுகொண்டிருந்தார் அந்த மனிதர். தெரிந்தும் நான் கிணற்றைக் குறை சொன்னேன். தண்ணீரைக் குறை சொல்வது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. முதலாளி பேசுவார். நீங்கள் இந்தத் தொழிலில் எத்தனை வருஷம் இருந்தாலும், தண்ணீர் மேல் பழி போடும்போது ஒரு நிமிஷம் நின்று, நாம் யாருக்குப் பயந்து இதைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன்.

"மொதலாளி, நாலு நாளைக்கு ரெண்டையும் பட்டினி போடணும்."

அவர் முகம் மாறியது. "பட்டினியா?"

"ஆமா மொதலாளி. அப்பத்தான் தண்ணி..."

"என் வீட்ல நாயி பட்டினி கெடந்ததில்ல, மாடு பட்டினி கெடந்ததில்ல. ஆலையில வேல செய்யுதவன் பட்டினி கெடந்ததில்ல. நான் ஒருத்தன்தான் பட்டினி கெடக்கேன், அது அந்த டாக்டர் செஞ்ச பாவம். நீரு என்னவே, அதே பாவத்த மீனுக்குச் செய்யச் சொல்லுதீரு?"

அந்த நேரத்தில் வெளியே கோயில் பக்கம் ஒலிபெருக்கியைக் கட்டி, 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்' என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மார்கழி ஒன்று. அந்த அம்மா பிறந்த வீட்டு வழக்கப்படி அந்த வீட்டில் மார்கழி நோன்பு உண்டு. கறி, மீன் கிடையாது. நெய், பால் கிடையாது. இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு நெய் ஒழுக அக்காரவடிசல் செய்து முடிப்பார்கள். நாங்களும் ரமலானுக்கு இருப்பதை நோன்பு என்றுதான் சொல்வோம். ஒரே சொல்.

"நாளைக்கு மார்கழி பொறக்குது மொதலாளி. வீடு பூரா நோன்பு. அதுகளும் இருக்கட்டுமே."

முதலாளி தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அதுகளுமா நோன்பு இருக்கும்?"

"சொன்னா இருக்கும் மொதலாளி."

"அப்ப இருக்கட்டும்" என்றார். எழுந்துபோய்த் தொட்டியின் மேல்மூடியைத் தானே பூட்டி, சாவியை மனைவி கையில் கொடுத்தார். பட்டினி என்றபோது கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தவர், நோன்பு என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார். செய்யப்போகிற காரியம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது என்னைவிடக் கெட்டிக்காரன் இந்தத் தாலுகாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் ஓரம் நிமிர்ந்தது, மூச்சு நிதானமானது. தண்ணீர் பளிங்கு. ஐந்தாம் நாள் போய், "நல்லாயிருச்சு மொதலாளி, இன்னைக்குக் கொஞ்சம் புழு போடலாம்" என்றேன்.

"என்ன பேச்சு பேசுதீரு? நோன்ப பாதியில முறிக்கவா?"

"இல்ல மொதலாளி, நான் சொன்னது நாலு நாளைக்கு..."

"நோன்புன்னு சொன்னது நீரா, நானா? நீரு உங்க நோன்ப நாலு நாள்ல முடிச்சிருவீரா? கூடாரவல்லிக்கு முடிப்போம், போம்."

நான் எறிந்த கயிறு என் காலிலேயே சுற்றிக்கொண்டது. அப்போதே உறுதியாக நின்று சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது. என் தொழிலில் அப்படியொரு தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. நேரில் போகாமல் மனசுக்குள்ளேயே அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மீன் தின்னாவிட்டால் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். மீனே இல்லாவிட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும். இந்த எளிய கணக்கு எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது.

மார்கழி பாதியில் ரமலான் பிறை தெரிந்தது. முதல் நோன்பன்று காலையிலேயே மனசு கேட்கவில்லை. திருக்கை பத்துப் பதினைந்து நாள் சும்மா கிடக்கிற மீன் அல்ல, உடம்பு கரைந்துவிடும். சாயங்காலம் சோழபுரத்தில் இறங்கி ஒரு டப்பாவில் புழு வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்துக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே நோன்பு திறக்க வேண்டியிருக்கும் என்று சட்டைப் பையில் மூன்று பேரீச்சம்பழம் தாளில் மடித்து வைத்திருந்தேன்.

வாசலிலேயே அந்த அம்மா நின்றிருந்தார்.

"வாங்க பாய். உள்ள மூணு பேரு நோன்பு. ரெண்டு தொட்டிக்குள்ள, ஒண்ணு வெளிய. நீங்க நாலாவது."

அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நேரே தொட்டிக்குப் போனேன். இரண்டும் மணலோடு மணலாகக் கிடந்தன. ஆளைக் கண்டு ஒன்றும் எழுந்து வரவில்லை. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே இடுப்பெலும்பு புடைத்துத் தெரிந்தது. அதைப் பார்த்தால் அப்புறம் நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். பழக்கத்தில் விரலைத் தண்ணீரில் நனைத்தேன், நாக்குக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. எனக்கு நோன்பு.

நாக்கு இல்லை என்றால் நான் என்ன நிபுணன்? விரலிலிருந்து தண்ணீர் சொட்ட, துடைக்கத் துணி தேடித் திரும்பினேன். அப்போதுதான் முதலாளியைப் பார்த்தேன்.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்கழிக் குளிரில் அந்த அம்மா சால்வை போர்த்தியிருந்தார். இவர் பனியன் முழுக்க வேர்வை. கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. "பாய்... தண்ணி... எப்படி..." என்றார். சொற்கள் வழுக்கி வழுக்கி வந்தன. என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை இருந்தது. அந்த வேர்வையை எனக்குத் தெரியும். சர்க்கரை கூடினால் வருகிற வேர்வை அல்ல, இறங்கினால் வருவது.

"அம்மா, அவிய காலையில என்ன சாப்பிட்டாக?"

"மாத்திர சாப்பிட்டாக."

"மாத்திரைக்குப் பொறவு?"

"நோன்பு" என்றார் அந்த அம்மா. கிண்டல் மாதிரி ஆரம்பித்த குரல் உடைந்துவிட்டது. "ஒரு பொழுது சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. எலும்பு தெரியுததப் பாத்ததும் நேத்து மதியத்துல இருந்து அதுவும் இல்ல. அதுக சாப்பிடாம எனக்கு எறங்காதுங்காக. கத்திப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். நீங்கதான பாய் அதுகளுக்கு நோன்பு வச்சது? நீங்களே வந்து திறந்து விடுங்க."

இரண்டு வாரமாக நான் அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு வெளியே இருந்தவரை ஒருதரம்கூட நினைக்கவில்லை. மீனுக்கு வைத்த சொல் அவர்மேல் போய் உட்கார்ந்திருந்தது. அவர் அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவாரோ என்று பட்டது.

பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கினேன். "மொதலாளி, வாயத் தொறங்க."

வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"நோயாளிக்கு நோன்பு கெடையாது மொதலாளி. எங்க மார்க்கத்துலயே விலக்கு இருக்கு."

"நான்... நோயாளி இல்ல."

"பிள்ளத்தாச்சிக்கும் கெடையாது!"

"நான் பிள்ளத்தாச்சியும்... இல்லவே."

"நீங்க இல்ல மொதலாளி, அது!" என்று தொட்டியைக் காட்டினேன். கண்ணாடியோரமாகக் கிடந்த திருக்கையைத்தான் காட்டினேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய், தெரியாது. நோன்பு வாயால் பொய் சொல்லக் கூடாது. அன்று எனக்கு முதல் நோன்பு.

முதலாளியின் தலை மெதுவாகத் தொட்டிப் பக்கம் திரும்பியது. "மாசமாவா... இருக்கு?"

"ஆமா மொதலாளி."

அந்த அம்மா இரண்டடி முன்னால் வந்தார். கண்ணாடிக்குள் ஒரு தரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ஐயையோ, பிள்ளத்தாச்சியவா இம்புட்டு நாளு பட்டினி போட்டோம்!" என்று நெஞ்சில் கை வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தொட்டியைத் திறந்தார்.

பட்டினி என்ற சொல் மறுபடி கூடத்துக்குள் வந்ததும் முதலாளியின் முகம் கோணியது. "போடும்... பாய்... அதுக்கு ஏதாச்சும்... போடும்..."

டப்பாவைத் திறந்து ஒரு புழுவை அந்தத் திருக்கையின் முன்னால் விட்டேன். புழு மணலில் நெளிந்தது. மீன் அசையவில்லை. யா அல்லா, இத்தனை நாள் தின்னச் சொல்லாமலே தின்றாயே, இப்போது தின்னேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். முதலாளியின் மூச்சு, மீனின் மூச்சு, இரண்டையும் எண்ணிக்கொண்டு நின்றேன். மீனின் ஓரம் லேசாக அலைந்தது. ஒரு விரல் தூரம் நகர்ந்தது. போர்வை போர்த்துகிற மாதிரி புழுவின் மேல் படிந்தது. எழுந்தபோது புழு இல்லை.

"சாப்பிட்டுருச்சு மொதலாளி. இப்ப நீங்க."

வாயைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த அம்மா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து வாயில் விட்டார். டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் வந்து சேர்வதற்குள் முதலாளியின் நடுக்கம் நின்று, "இன்னொண்ணுக்கும் போடும் பாய், அது கோவிச்சுக்கும்" என்கிற அளவுக்குத் தெளிந்துவிட்டார். டாக்டர் ஊசி போட்டார், மருந்தை மாற்றினார், வீட்டிலிருந்த அத்தனை பேரையும் திட்டினார். என்னைத்தான் கூடுதலாகத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிவாசல் பக்கம் வெடி போட்ட சத்தம் கேட்டது. நோன்பு திறக்கிற நேரம். சட்டைப் பையைத் தடவினேன், வெறும் தாள். அந்த அம்மா கவனித்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் நெய்யில்லாத சர்க்கரைப் பொங்கலும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, "சாமிக்குப் படைக்கல பாய். அடுப்புல இருந்து நேரா எறக்குனது. தாராளமாச் சாப்பிடலாம்" என்றார். ஒரு வாய் எடுத்து நோன்பைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சட்டம் அந்த அம்மாவுடையது. முதலாளி கஞ்சியைக் குடித்து முடித்த பிறகுதான் சாவி வரும். மீனுக்கு ஒரு வேளை, கையளவு. மாசம் இரண்டு ஏகாதசிக்கு மீன்கள் மட்டும் விரதம், முதலாளிக்குக் கிடையாது. தண்ணீர் அதற்குப் பிறகு ஒருநாளும் கெடவில்லை. நான் எழுதி ஒட்டிய அளவுத் தாள் அதே இடத்தில்தான் இருந்தது. அதை யாரும் வாசித்த மாதிரி தெரியவில்லை.

என் பாடுதான் திண்டாட்டம். போகும்போதெல்லாம் முதலாளி, "எப்ப பாய் பெறும்?" என்று கேட்பார். "இதுகளுக்கு நாள் கூட ஆகும் மொதலாளி" என்பேன். சித்திரை போனது, வைகாசி போனது. கடைசியில், "அன்னைக்குப் பட்டினி கெடந்ததுல கலஞ்சிருக்கும் மொதலாளி" என்று முதல் பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்யையும் அனுப்பி வைத்தேன். அவர் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காமல் இருந்தார் என்று கேள்விப்பட்டு, என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு அந்த அம்மா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். வழியில் என் கடைக்குள் நுழைந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் மேசை முன்னால் நின்றார்.

"பாய், நீங்க மாசமா இருக்குன்னு சொன்னீயளே ஒரு திருக்கை..."

"ஆமாம்மா. என்ன செய்ய, கலஞ்சிருச்சு" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"அது ஆணு."

பொய் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். எதைக் காட்டிச் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

"வாலுகிட்ட ரெண்டு பக்கமும் வெரலு இருக்கு. மீன எறக்குன அன்னைக்கு நீங்கதான சொன்னீய, இது தெரியாமத்தான் பாதிப் பேரு மீன் வளக்குதான்னு?"

"எப்பம்மா பாத்தீய?"

"நீங்க கை காட்டுனீயளே, அப்பவே குனிஞ்சு பாத்தேன்."

"பாத்துட்டுமா... நெஞ்சுல கை வச்சு அந்தச் சத்தம் போட்டீய? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் வாயத் தொறந்திருந்தா, அவிய வாயத் தொறந்திருக்க மாட்டாகளே பாய்."

தேர் நிலையிலிருந்து கிளம்பிவிட்டது என்று தெருவில் யாரோ கத்தினார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை கடைக்கு வந்த யாருக்கும் நான் மீனைப் பற்றி எதுவும் விளக்கவில்லை.